ஏழாவது லைன் காலி

திரையில் தெரிந்த கிளாஸில் டீ இருந்தது. சரண்யாதேவியின் கையருகே இருந்த கிளாஸ் காலியாக இருந்தது.

குடித்து முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அடியில் ஒட்டிய டீத்தூள்கூடக் காய்ந்துவிட்டது. ஆனால் கேபின் கூரையின் மூலையில் இருந்த கேமரா காட்டிய படத்தில் அதே மேஜை, அதே கிளாஸ், விளிம்பு வரை டீ, அதிலிருந்து எழும் ஆவி. அவள் கையை நீட்டிக் கிளாஸைத் தூக்கினாள். திரையில் கை நீளவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நாலாவதில் படம் ஒரு தரம் துள்ளியது. கை வந்தது. கிளாஸ் காலியானது.

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததுதான் வினை. வேறு யாராவது என்றால் பாடாவதிப் பெட்டி என்று திட்டி, அதன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் ஓடும் டிரைவர் என்கிற புரோகிராமை எழுதியவளே அவள்தான்.

துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில், உப்பளங்களை ஒட்டி இருந்த கண்டெய்னர் யார்டு அது. இரண்டு கண்டெய்னர்களின் மேல் மூன்றாவதாக ஒரு பழைய கண்டெய்னரை ஏற்றி, அதில் கதவும் ஜன்னலும் வெட்டி, ஏ.சி. மாட்டி, கேபின் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐப்பசி மாதம். மணி மூன்றரைதான், ஆனால் வானம் கறுத்துக் கட்டிக்கொண்டு நின்றதில் லைட் போடாமல் கீபோர்டு தெரியவில்லை. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, நிலக்கரித் தூளும் உப்பும் கலந்த ஈரவாடை கதவிடுக்கில் உள்ளே வந்தது, கீழே எங்கேயோ கண்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ஸ்டாக்கர் வண்டி நகரும்போதெல்லாம் பீப், பீப் என்று அதன் எச்சரிக்கை ஒலி சுவர் வழியாக நாற்காலிக்கு ஏறியது.

யார்டில் முப்பது கேமரா. அவை எடுக்கும் படம் முதலில் பெட்டியின் டிஸ்கில் எழுதப்படும். அங்கிருந்து படித்துத்தான் கேபின் திரைக்கும், தூக்கிய கண்டெய்னர் பாதையை மறைப்பதால் ஸ்டாக்கர் வண்டிக்குள் வைத்திருக்கும் சின்னத் திரைக்கும் போகும். படிக்க ஒரு பாத்திரம் வேண்டும். மெமரியில் பஃபர் என்று ஒதுக்கி வைக்கும் இடம்தான் அந்தப் பாத்திரம். சிஸ்டம் பாத்திரத்தை நீட்டும். டிரைவர் என்கிற அந்தச் சின்ன புரோகிராம் அதை டிஸ்கிடம் கொண்டு போய் நிரப்பி வந்து தரும். மொத்தம் இருபத்து நான்கு பாத்திரம், அவற்றையே கழுவிக் கழுவிப் புழங்க வேண்டும். டிஸ்க் ஒன்றும் தராவிட்டால், கிடைக்கவில்லை என்று சொல்லிக் காலியாகத் திருப்ப வேண்டும். அப்போது திரை ஒரு கணம் கறுக்கும்.

கறுப்பது யார்டுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. சரண்யாதேவி வேலை பார்க்கும் சின்ன கம்பெனியின் முதலாளி ராஜதுரை, "எப்பிடியாச்சும் கறுக்காமப் பண்ணு" என்றார். அவள் இரண்டு வரியை மாற்றினாள். கழுவும் வரியை எடுத்தாள். டிஸ்க் தராவிட்டால், பாத்திரத்தில் பழையது என்ன கிடக்கிறதோ அதையே நீட்டிவிட்டுக் கிடைத்தது என்று சொல்லும்படி செய்தாள். மேலே தமிழிலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: 'வாங்கின பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.' உடன்குடியில் அவள் வீட்டில் அப்படித்தான். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் ஒரு துண்டு கருப்பட்டியாவது கிடக்கும். ராஜதுரையும் அந்தப் பக்கத்துக்காரர்தான். குறிப்பைப் படித்துவிட்டு, "இதாம்ளா நம்ம ஊரு புரோகிராமு" என்று ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரித்தார்.

போன செவ்வாய்க்கிழமை, நல்ல வெயிலில், மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு, கண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே போகும் ஏழாவது லைனில் வெள்ளத்துரை செத்துப்போனார். கண்டெய்னர் சீல் நம்பர்களைக் குறித்துக்கொண்டு நின்றவர் மேல் ஸ்டாக்கர் ஏறிவிட்டது. ஓட்டிய மாரிச்செல்வம், "ஸ்கிரீன்ல லைன் காலியாத்தான் இருந்துச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போலீஸ் பதிவைப் போட்டுப் பார்த்தது. ஆரஞ்சு கோட்டு போட்ட மனுஷன் முழுசாகப் பதினோரு வினாடி தெரிகிறார். குருடனுக்கும் தெரியும். 'விபத்துக்குக் காரணம் டிரைவர்' என்று எழுதி, மாரிச்செல்வத்தைக் கொண்டு போய் ரிமாண்டில் வைத்தார்கள்.

செய்தித்தாளில் அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். எழுதியவருக்கே தெரியாமல் சரியாக எழுதிவிட்டார். அந்தப் பதினோரு வினாடியும் ஆட்டம் கண்ட ஒரு கேபிளால் டிஸ்கைப் படிக்க முடியவில்லை. எழுத வேண்டியதைப் பெட்டி கையில் வைத்திருந்து பிறகு எழுதிவிட்டது. படிக்கக் கிடைக்காததற்குப் பதிலாக, அதற்கு முந்தைய வெற்று லைனையே வண்டிக்குள் இருந்த திரைக்குக் காட்டியது அவளுடைய டிரைவர். அதற்கு ஒரே சாட்சி, நடந்ததையெல்லாம் வினாடிவாரியாகப் பெட்டி தனக்குள் குறித்து வைத்திருந்த லாக். இரண்டு டிரைவரில் எந்த டிரைவர் என்று அது சொல்லிவிடும்.

ஐந்து மணிக்கு ஆய்வு அதிகாரி வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவார். அதற்கு முன்னால் புது டிரைவரைப் போட வேண்டும், லாகை அழிக்க வேண்டும். ராஜதுரை காலையில் போனில் சொன்னது அவ்வளவுதான். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் பயம்தான் பெரிதாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு எபனேசர் வந்தார். யார்டு சூப்பர்வைசர், ஐம்பது தாண்டியவர், மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னொரு டீ சொல்லட்டா ம்மா?"

"வேண்டாம் அண்ணாச்சி." அவள் கண் ஃபைல் அலமாரிக்குப் போனது. மேல்தட்டில் எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று மூடியோடு இருந்தது. "அது யாருக்குள்ளது?"

எபனேசர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வெள்ளத்துரைக்குள்ளது. அன்னைக்கு எங்கையில குடுத்துட்டுத்தான் கீழ எறங்குனாரு. ரெண்டே கண்டெய்னர்தான் அண்ணாச்சி, பாத்துட்டு வந்து சாப்பிடுதேன்னாரு. போலீசு எதையும் தொடக் கூடாதுன்னுட்டாவ. அவரு சம்சாரம் ரெண்டு மட்டம் கேட்டுக்கு வந்துட்டாவ. சோத்தக் கொட்டிட்டுச் சட்டிய மட்டுமாவது குடுங்கன்னு ஒரே அழுகை."

"உள்ள சோறு அப்படியேவா இருக்கு?"

"எவன் தொறந்து பாப்பான்?" அவர் மேஜையில் இருந்த மைக்கைக் காட்டினார். "நான் கேட்டுல ஒரு லாரிய விட்டுட்டு வந்துருதேன். அந்தச் சம்பவத்துக்குப் பெறகு புது ரூலு போட்டிருக்காவ. லைனுக்குள்ள போறதுக்கு முன்ன ஸ்டாக்கர்காரன் கேபினக் கேக்கணும். ஜாக்சன்தான் இன்னைக்கு ஓட்டுதான். கேட்டாம்னா ஸ்கிரீனப் பாத்துச் சொல்லிருங்க. ஆள் இல்லைன்னா காலி, இருந்தா நில்லு. கீழ நடந்து வந்தியன்னா அந்தா சார்ஜர்ல இருக்க வாக்கி டாக்கியக் கையில எடுத்துக்கிடுங்க."

அவர் போனார். இரும்புப் படிகளில் காலடி இறங்கி ஓய்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு வாரமாக மூடிக் கிடக்கும் சோறு. அறையில் எந்த நாற்றமும் இல்லை.

மைக் கரகரத்தது. "கேபின், கேபின். ஏழு காலியா?"

அவள் திரையைப் பார்த்தாள். ஏழாவது லைன். இருபக்கமும் ஐந்தடுக்குக் கண்டெய்னர் சுவர், நடுவில் மழை விழும் சிமெண்டுத் தரை. யாரும் இல்லை. பொத்தானை அமுக்கினாள். "ஏழு காலி. வாங்க." தொண்டை கமறி, லேசாக ஒரு இருமலும் கூடவே போனது.

பொத்தானை விட்ட பிறகு படம் துள்ளியது.

லைனின் நடுவில் ஒரு ஆள் நின்றார். ஆரஞ்சு கோட்டு. கையில் பேனாவும் அட்டையும். அவள் மைக்கைப் பிடுங்கி, "நில்லுங்க! ஜாக்சன், நில்லுங்க!" என்று கத்தினாள். அதற்குள் சிவப்புக் கண்டெய்னரைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்டாக்கர் படத்துக்குள் வந்து, அந்த ஆள் நின்ற இடத்தைக் கடந்து, படத்தை விட்டு வெளியே போனது. ஆள் அங்கேயே நின்றார். எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, போய்ட்டேன். என்ன விஷயம்?" என்றது ஜாக்சனின் குரல்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லைதான். பழைய பாத்திரம். கழுவாத பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய படம். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு விஷயம் குறுக்கே வந்தன. ஒரு வாரத்தில் இந்தப் பெட்டிக்கு இரண்டு முறை கரண்டை நிறுத்தி மறுபடி கொடுத்திருக்கிறார்கள். கரண்டு போனால் மெமரியில் ஒரு துளியும் தங்காது. இன்னொன்று, படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஆளின் காலைச் சுற்றி மட்டும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை காய்ந்து வெளுத்திருந்தது. அவருடைய நிழல் அதில் குட்டையாக விழுந்திருந்தது.

மறுபடி படம் துள்ளியது. லைன் காலி.

அவள் வேலையைத் தொடங்கினாள். இரண்டு முறை தப்பாக அடித்தாள். புது டிரைவரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாத்திரத்தை வாங்கியதும் பூஜ்யம் போட்டுக் கழுவும், டிஸ்க் தராவிட்டால் காலியாகத் திருப்பும், கறுத்தால் கறுக்கட்டும். இதை முதலிலேயே செய்திருந்தால் வெள்ளத்துரை அன்றைக்குப் படியேறி வந்து சாப்பிட்டிருப்பார். பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றினாள். திரைகள் எல்லாம் ஒன்றாகக் கறுத்து, ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. பாத்திரங்களுக்குள் என்ன இருக்கிறது என்று வரிசையாகத் திறந்து பார்த்தாள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பதினெட்டு வரை சுத்தம்.

பத்தொன்பதாவது சுத்தமாக இல்லை.

கையாலேயே பூஜ்யம் போட்டாள். பூஜ்யமானது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வரியில் ஒரு எண் முளைத்தது. பிறகு இன்னொன்று. அடியிலிருந்து ஊற்று எடுப்பது மாதிரி நிறைந்துகொண்டே வந்தது. டிஸ்க் விளக்கு எரியவில்லை. டிஸ்க் எதையும் தரவில்லை. மறுபடி கழுவினாள். மறுபடி நிறைந்தது.

அது என்ன படம் என்று பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தாள்.

இந்தக் கேபின். மேலிருந்து எடுத்த படம். நாற்காலியில் அவளுடைய பச்சைத் துப்பட்டாவோடு ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியிடம் ஆரஞ்சு கோட்டு. ஒரு கை மேல்தட்டுக்கு உயர்ந்திருந்தது.

அவள் திரும்பினாள்.

யாரும் இல்லை. ஏ.சி. முனகியது. தூக்குச்சட்டி அதே இடத்தில் இருந்தது. அதன் மூடியின் உள்விளிம்பிலிருந்து ஒரு சொட்டு வழிந்து பக்கவாட்டில் இறங்கியது. அறையில் இப்போது வாடை வந்தது. புளிக்குழம்பு வாடை. இப்போதுதான் தாளித்து இறக்கியது போல, சுடச்சுட. அவள் எழுந்து போனாள், கால் தானாகப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். சட்டியைத் தொட்டாள். சூடாக இருந்தது. மூடியைத் திறந்தாள்.

உள்ளே சோறு இல்லை. பருக்கைகூட இல்லை. யாரோ தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து வைத்திருந்தார்கள்.

போன் அதிர்ந்தது. ராஜதுரை.

"முடிஞ்சிதா?"

"சார்..." அவள் சட்டியின் மூடியைப் போட்டாள். "லாக அழிக்க வேண்டாம் சார். அந்த மாரிச்செல்வம் பாவம் சார். நாம சொல்லிருவோம்."

"என்னத்த சொல்லுவ? நாந்தான் கொன்னேன்னு சொல்லுவியா? புரோகிராமுல ஒம்பேருதான் இருக்கு, எம்பேரு இல்ல. கிறுக்குத்தனமாப் பேசாத. அழிச்சிட்டு எறங்கி வா."

அவர் வைத்துவிட்டார். அவள் அந்த லாகைத் திறந்தாள். இரண்டு மணி ஆறு நிமிடம். பதினோரு வரி. வினாடிக்கு ஒன்று. படிக்கக் கிடைக்கவில்லை, கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. பதினோரு முறையும் அதே வாசகம். மாரிச்செல்வம் அழுதபடி நின்ற படம் செய்தித்தாளில் வந்திருந்தது. லுங்கி நழுவுவதுகூடத் தெரியாமல் நின்றான். அவனை இந்தப் பதினோரு வரி வெளியே கொண்டு வந்துவிடும். அவளை உள்ளே கொண்டு போய்விடும்.

அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அவள் ஆமாம் என்றாள். அழித்த இடத்தில் பூஜ்யம் போட்டுக் கழுவினாள், யாராலும் மீட்க முடியாதபடி.

பத்தொன்பதாவது பாத்திரத்தைப் பார்த்தாள். காலி. இருபத்து நான்கும் காலி. குழம்பு வாடையும் போய்விட்டது. கேபின் திரையில் கிளாஸ் காலியாக இருந்தது, கையருகேயும் காலியாக இருந்தது. அவள் கையை ஆட்டினாள், திரையிலும் கை உடனே ஆடியது. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை என்று நினைத்துக்கொண்டாள்.

பையை மாட்டிக்கொண்டு, சார்ஜரில் இருந்த வாக்கியை எடுத்துக்கொண்டு, அலமாரிப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். மழை முகத்தில் அறைந்தது. படியிறங்கியதும் ஏழாவது லைன்தான். நேராகப் போனால் கேட். பொத்தானை அமுக்கி, "ஜாக்சன், நான் ஏழுல நடந்து கேட்டுக்கு வாரேன். எங்கன இருக்கியளோ அங்கனயே நில்லுங்க" என்றாள்.

பதில் இல்லை. இரைச்சல் மட்டும். கேட்டிருக்கும் என்று நினைத்து நடந்தாள்.

இருபக்கமும் இரும்புச் சுவர். ஒரு கண்டெய்னருக்கும் அடுத்ததற்கும் நடுவில் கை நுழையும் அளவுக்குத்தான் இடம். பாதி தூரம் வந்திருப்பாள். முன்னால் பீப், பீப் என்று கேட்டது. கேட் பக்க முனையில் ஸ்டாக்கர் திரும்பி லைனுக்குள் மூக்கை நுழைத்தது. முன்னால் தூக்கிப் பிடித்த சிவப்புக் கண்டெய்னர் லைனின் அகலத்தை அடைத்தது. அதற்குப் பின்னால் ஓட்டுகிறவன் தெரியவில்லை. அவனுக்கும் இவள் தெரியாது. திரை மட்டும்தான்.

வண்டி நின்றது. வாக்கி பேசியது. "கேபின், கேபின். ஏழு காலியா?"

"ஆள் இருக்கு! நில்லுங்க! நான் உள்ள இருக்கேன்!" அவள் பொத்தானை அமுக்கியபடி கத்தினாள். நகம் மடங்கும் அளவுக்கு அமுக்கினாள். விட்டாள்.

வாக்கியில் ஒரு பெண் குரல் வந்தது.

"ஏழு காலி. வாங்க."

பிறகு, லேசாக ஒரு இருமல்.

அவள் திரும்பினாள். லைனின் அந்த முனையில், மேலே, கேபின் ஜன்னலில் லைட் எரிந்தது. மேஜை முன்னால் ஒரு பெண். பச்சைத் துப்பட்டா. வாயருகே மைக். பக்கத்தில் கிளாஸ் நிறைய டீ. ஆவி இங்கிருந்தே தெரிந்தது.

ஜன்னலுக்குக் கீழே, படியடியில், வெள்ளத்துரை நின்றார். கையில் தூக்குச்சட்டி. மூடி திறந்திருந்தது. அதை அவள் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார். காலி. நீட்டியபடியே நின்றார். நிரப்பி வாங்கிக்கொண்டு போக வந்தவர் மாதிரி.

பீப். பீப்.

ஓடு. எங்கே? சுவர். சுவர். முன்னால் சிவப்பு இரும்பு, பெரிதாகிக்கொண்டு. அவள் வாயைத் திறந்தாள். முகத்தில் மழை விழவில்லை. எப்போது நின்றது?

நிற்கவில்லை. நாலடி தள்ளிக் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அவள் செருப்பைச் சுற்றி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, சிமெண்டுத் தரை காய்ந்து வெளுத்திருந்தது. அதில் அவள் நிழல் குட்டையாக விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மதிய வெயில் செருப்பைத் தாண்டிப் பாதத்தைச் சுட்டது.